தண்ணீருக்குள் பிறக்கும் வளைவு

ஜப்பானியக் கட்டானா வாளின் அழகே அந்த மெல்லிய வளைவுதான். சம்மட்டியால் தட்டித் தட்டி வளைத்தது என்றுதானே நினைப்போம்? இல்லை. பெரும்பகுதி தண்ணீருக்குள் தானாக விழுகிற வளைவு அது!

இரும்பு மணலையும் கரியையும் உலையில் இட்டு எடுத்த எஃகை மடித்து மடித்து அடித்து, வாளாக நீட்டுகிறார்கள். அதன்மேல் களிமண், கரித்தூள், சாணைக்கல் தூள் குழைத்த பூச்சு. முதுகில் தடிப்பாக, வெட்டும் விளிம்பில் மெல்லிசாக. பிறகு பட்டறையை இருட்டாக்கிவிடுவார்கள். சூட்டின் பதத்தை நிறம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வெளிச்சத்தில் கண் ஏமாந்துவிடும். (நம் வீட்டில் பாகுபதம் பார்ப்பதும் கண்ணால்தானே!)

சரியான சிவப்பு வந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஒரே முக்கு. விளிம்பு சட்டென்று குளிர்ந்து இறுகும்; இறுகும்போது கொஞ்சம் விரியவும் செய்யும். பூச்சுக்குள் இருக்கும் முதுகு மெதுவாக ஆறி, மென்மையாகவே நிற்கும். இந்த இழுபறியில்தான் வாள் வளைகிறது.

இன்று அங்கே வாள் செய்ய உரிமம் வேண்டும். அதற்குக் குருவிடம் குறைந்தது 5 வருடம் பயில வேண்டும். அப்படித் தேர்ந்தவருக்கும் இந்தச் சில நொடிகள் நெஞ்சு படபடக்கும். தொட்டிக்குள் 'டிக்' என்று சத்தம் கேட்டால், விளிம்பில் விரிசல். அத்தனை நாள் உழைப்பும் போச்சு!