பனியனைக் கழற்றாத பையன்கள்

பங்குனி வெயிலிலும் சட்டைக்குள் கைவைத்த பனியன் போட்டுக்கொண்டு, கபடிக்குக் கூப்பிட்டால் வயிற்றுவலி என்று நழுவும் பையன்களை உடற்கல்வி ஆசிரியனான நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். மார்பு பெருத்திருக்கும், அதற்குப் பட்டப்பெயரும் இருக்கும்.

பருவ வயதில் ஏறக்குறைய பாதிப் பையன்களுக்கு மார்பில் சுரப்பித் திசு கொஞ்சம் வளரும். பெரும்பாலும் 2 ஆண்டுகளுக்குள் தானாக வற்றிவிடும். ஆகவே பத்தாம் வகுப்புப் பையனை ஆபரேஷனுக்கு இழுத்துக்கொண்டு ஓடவேண்டியதில்லை. வெறும் கொழுப்பென்றால் ஓட்டம் உதவும். காம்புக்குப் பின்னால் கெட்டியாகத் தட்டுப்படும் சுரப்பியோ எத்தனை தண்டால் எடுத்தாலும் கரையாது. இது தெரியாமல் கூடுதலாக நாலு சுற்று ஓடவிடும் வாத்தியார்கள் எங்கள் துறையில் இன்னும் இருக்கிறார்கள்.

இருபது வயதைத் தாண்டியும் வற்றாமல் நின்றுவிட்டால் கத்திதான் வழி. கொழுப்பைக் குழாயால் உறிஞ்சிவிட்டு, காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் விளிம்பில் கீறிச் சுரப்பியை எடுக்கிறார்கள். நிறம் மாறும் இடத்திலேயே கீறுவதால் தழும்பு அவ்வளவாகத் தெரியாது. ஏழாம் நூற்றாண்டிலேயே ஏஜினா தீவின் கிரேக்க மருத்துவர் பவுல் இந்த அறுவையை எழுதிவைத்திருக்கிறார். நேற்று வந்த நாகரிகமில்லை இது.

எனக்குக் கோபம் வரும் இடம் வேறு. ராணுவத்துக்கு ஆள் எடுக்கும்போது மருத்துவப் பரிசோதனையில் இதே மார்பைக் குறை என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். சரிசெய்யலாம் என்று காப்பீட்டுக்காரரிடம் போனால், இது அழகு சிகிச்சை, பணம் தரமுடியாது என்கிறார். குறையா, அலங்காரமா? இரண்டுமாக எப்படி இருக்கமுடியும்?

இந்த இடைவெளியில்தான் 'காலையில் வந்து மாலையில் வீடு திரும்பலாம், தவணை வசதி உண்டு' என்ற விளம்பரங்கள் பிழைக்கின்றன. மார்பு பெருப்பதற்கு ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரை, ஜிம்மில் போடும் ஸ்டீராய்டு ஊசி, கல்லீரல் கோளாறு, அபூர்வமாக விதையில் கட்டி என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அதைப் பார்க்காமல் வெட்டுவதில் அர்த்தமில்லை. அளவுக்கு மீறி எடுத்துவிட்டால் காம்பு குழிந்துபோகும். அதை நிமிர்த்துவது முதல் ஆபரேஷனைவிடச் சிரமம்.

பையனைப் பெற்றவர்களுக்கு ஒன்று சொல்வேன். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது. தவணைப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருநாள் அங்கே போய்க் காட்டுங்கள்.