அனாமத்தை அவசரப்பட்டு அழிக்காதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

என்னிடம் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு 'வங்கிச் சரிக்கட்டும் பட்டியல்' என்றதும் வயிறு கலங்கியது ஞாபகம் இருக்கும். பேங்க் ஏட்டில் பற்று என்று இருப்பது நம் ரொக்க ஏட்டில் வரவுப் பக்கம் போகும் என்பதைப் புரியவைக்க ஒவ்வொரு வருஷமும் எனக்கு ஒரு வாரம் ஆகும். இப்போது அந்தப் பாடத்தை என் லேப்டாப் அரை நொடியில் செய்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெருமைக்கு இல்லை, ஒரு தப்புக் கணக்கைச் சொல்வதற்கு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பொங்கலுக்கு ஊருக்கு வந்த பழைய மாணவன் ஒருவன் (பெங்களூரில் வேலை) என் லேப்டாப்பில் எச்-லெட்ஜர் என்ற மென்பொருளைப் போட்டுக் கொடுத்தான். ஜான் வீக்லி என்பவர் 2003இல் வெளியிட்ட லெட்ஜரின் வழியில் வந்தது. இலவசம். கட்டம் கிடையாது, பட்டன் கிடையாது. நோட்டில் எழுதுவதுபோல வெறும் எழுத்தாகத் தேதி, விவரம், அதன்கீழே பணம் எங்கே போனது என்று ஒரு வரி, எங்கிருந்து போனது என்று ஒரு வரி. இரண்டையும் கூட்டினால் பூஜ்யம். இத்தாலிக்காரர் லூகா பாசியோலி 1494இல் அச்சில் போட்ட அதே இரட்டைப் பதிவு முறைதான். மென்பொருள் நாளைக்கு இல்லாமல் போனாலும் எழுத்து இருக்கும், யாரும் திறந்து படிக்கலாம். நம் வீட்டு மொய் நோட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேங்க்கில் இருந்து இறக்கும் எக்செல் பட்டியலை இதற்குள் ஏற்றலாம். அதில் சில பொல்லாப்பு உண்டு. மேலே நாலைந்து வரி முகவரி, கணக்கு எண் இருக்கும். அதை விட்டுவிடச் சொல்ல வேண்டும். தேதியை நம் வழக்கப்படி நாள், மாதம், வருஷம் என்று சொல்லிக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சித்திரைச் செலவு மார்கழிக்குப் போய்விடும். எக்செல்லில் திறந்து அப்படியே சேமித்தால் யு.பி.ஐ.யின் 12 இலக்க எண் நடுவில் புள்ளியும் 'ஈ'யுமாக உருமாறிவிடும்; அப்புறம் அதை வைத்து எதையும் தேட முடியாது. அந்தக் கட்டத்தை 'எழுத்து' என்று குறித்துத் திறக்க வேண்டும். இருப்புத் தொகைக் கட்டத்தையும் சேர்த்து ஏற்றுங்கள். ஒரு ரூபாய் இடித்தாலும் மென்பொருள் நகராமல் நின்றுவிடும். அந்தப் பிடிவாதம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

அடுத்து வருவது விதிகள். விவரத்தில் இந்தச் சொல் இருந்தால் இந்தக் கணக்கில் போடு என்று ஒரு பட்டியல் எழுதி வைக்கலாம். மின்வாரியம் என்றால் கரண்ட் பில், பென்ஷன் என்றால் வருமானம். எந்த விதியிலும் சிக்காத செலவு வரியை எச்-லெட்ஜர் தானாக 'தெரியாத செலவு' என்ற கணக்கில் போட்டுவிடும். நாம் படித்த அனாமத்துக் கணக்கேதான். ஆரம்பத்தில் என் அனாமத்தில் மாதம் 60, 70 வரி நிற்கும். வாத்தியார் இல்லையா, விடைத்தாளில் காலி இடம் இருந்தால் பொறுக்காது. விதிமேல் விதியாக எழுதி ஒரு வருஷத்தில் அதைப் பூஜ்யம் ஆக்கினேன். பார்ப்பவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

2024 ஆகஸ்டில் என் தங்கை மருமகன் தவறிப்போனார். வயது 47. திருச்சுழிப் பக்கம் மக்காச்சோளம், மல்லி வாங்கி விற்கும் வியாபாரம். பாதி ரொக்கம், பாதி பேங்க், மீதி அவர் மனசுக்குள். பதினாறாம் நாள் முடிவதற்குள் நாலு பேர் வந்து பாக்கி என்றார்கள். "மாமா, யாருக்கு என்ன குடுக்கணும்னு நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லிருங்க"ன்னு தங்கை மகள் கேட்டாள். (அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.)

இரண்டு வருஷப் பேங்க் பட்டியலை இறக்கி, என் விதிகளை அப்படியே போட்டு ஓட்டினேன். ஆயிரத்துச் சொச்சம் வரி. கொடுக்கல் வாங்கல் பெரும்பாலும் பிரிந்து வந்துவிட்டது. வந்த நாலு பேரில் இரண்டு பேருக்கு ஏற்கெனவே பணம் போய்விட்டது என்பதும் தெரிந்தது. வேலை முடிந்தது என்று லேப்டாப்பை மூடிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து ராத்திரி தூக்கம் வராமல் திரும்பவும் எடுத்துப் பார்த்தேன். 'பேங்க் கட்டணம்' என்ற தலைப்பில் தொகை கொஞ்சம் கூடுதலாகப் பட்டது. பிரித்துப் பார்த்தால் எஸ்.எம்.எஸ். கட்டணம், ஏ.டி.எம். கார்டு கட்டணம், நடுவில் 436 ரூபாய் இரண்டு வரி. 2023 மே கடைசியில் ஒன்று, 2024 மே கடைசியில் ஒன்று.

436 என்றால் என்ன என்று உங்களில் பேங்க்கில் வேலை பார்ப்பவர்களுக்கு உடனே தெரியும். பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. 2015இல் வந்தது. முதலில் வருஷம் 330 ரூபாய், 2022 ஜூனில் இருந்து 436. ஜூன் முதல் மே வரை ஒரு வருஷம். சந்தாதாரர் இறந்தால் வாரிசுக்கு 2 லட்சம். மருமகன் எப்போதோ ஒரு கையெழுத்துப் போட்டிருக்கிறார், வீட்டில் யாருக்கும் தெரியாது. பேங்க் தன் பட்டியலில் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தது. விவரத்தில் 'ரினீவல்' என்று ஒரு சொல் இருந்தது. என் கார்டு புதுப்பித்த கட்டணத்துக்காக 'ரினீவல் என்றால் பேங்க் கட்டணம்' என்று நான் முன்பு ஒரு விதி எழுதியிருந்தேன். அது இந்த இரண்டு வரியையும் விழுங்கிவிட்டது.

விதி இல்லாமல் இருந்திருந்தால் அது அனாமத்தில் நின்றிருக்கும். அனாமத்தில் நின்றிருந்தால் முதல் நாளே பார்த்திருப்பேன். ஒரு வாரம் போனதோடு போயிற்று. அன்றைக்குத் தூக்கம் வந்திருந்தால்? இறப்புச் சான்றிதழோடு மகளைக் கூட்டிக்கொண்டு பேங்க்குக்குப் போனோம். இரண்டு மாதத்தில் பணம் வந்தது. மூத்தவளின் காலேஜ் ஃபீஸ் அதில்தான் கட்டினார்கள்.

இதைச் சொன்னபோது அந்தப் பெங்களூர் மாணவன், "சார், மாசம் இருநூறு யு.பி.ஐ. வரி வருது, யாரு ஒவ்வொண்ணா உக்காந்து பாக்குறது?" என்றான். நியாயம்தான். தினம் குடிக்கிற டீக்கு விதி எழுது, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கடைக்காரர் பெயரை முழுசாக எழுது. 'ரினீவல்', 'சார்ஜ்', 'டிரான்ஸ்ஃபர்' மாதிரி பொதுச் சொல்லை வைத்து எழுதாதே. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதிவைத்தால் அப்புறம் அதை யாரும் தேடமாட்டார்கள். தெரியாது என்று எழுதியிருந்தால்தான் தேடுவார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவே எல்லாவற்றையும் பிரித்துக் கொடுக்கும் என்கிறார்கள். அதுவும் என்னைப் போலக் காலி இடம் பொறுக்காத வாத்தியாராகத்தான் எனக்குத் தெரிகிறது.

இன்னொன்று. ஏ.டி.எம்.மில் எடுத்த பத்தாயிரத்தைச் செலவு என்று போடாதீர்கள். அது கைரொக்கம். நம் கரிசக்காட்டில் களை கூலியும் மொய்யும் அந்த ரொக்கத்தில்தான் போகிறது, எந்தப் பேங்க் பட்டியலும் அதைச் சொல்லாது. அதற்குச் சட்டைப்பைச் சிட்டைதான் வழி.

உங்கள் அப்பா அம்மா பாஸ்புக்கில் மே, ஜூன் மாதங்களை மட்டும் ஒரு தரம் பாருங்கள். 436 இருக்கிறதா, 20 இருக்கிறதா (அது விபத்துக் காப்பீடு) என்று பார்த்து, வாரிசாக யார் பெயர் இருக்கிறது என்றும் கேட்டு வையுங்கள்.

நான் பொது விதிகளை எல்லாம் அழித்துவிட்டேன். மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் அனாமத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவேன். பாதியை வீட்டுக்காரம்மாதான் தீர்த்து வைப்பாள். காய்கறி வண்டிக்காரரின் கியூ.ஆர். அட்டை அவர் மருமகன் பெயரில் இருக்கிறது என்பதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? போன மாதம் 23 வரி, அதில் 22 தீர்ந்தது. 118 ரூபாய் ஒன்று மட்டும் நிற்கிறது. நூற்றுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. போட்டால் 118, ஆகவே ஏதோ கட்டணமாகத்தான் இருக்கும். எதற்கு என்று தெரியவில்லை. திங்கட்கிழமை பேங்க்குக்குப் போய்க் கேட்க வேண்டும்.