தையலில்லா அங்கியும் தெர்மாகோல் கல்லறையும்

பாஸ்கா நாடகத்தில், சிலுவையின் அடியில் படைவீரர் ஆண்டவரின் ஆடைகளைப் பங்கிடும் காட்சி உண்டு. தையலின்றி ஒரே துணியாய் நெய்யப்பட்ட அங்கி கைக்கு வந்ததும் அதைக் கிழிக்க அவர்களுக்கு மனம் வரவில்லை, சீட்டுப் போடுகின்றனர். இறைவாக்கு அங்கே நிறைவேறியதை மறையுரைகளில் விளக்குகிறோம். கொலைக்களத்துக் காவலருக்கும் நல்ல துணியின் அருமை தெரிந்திருந்தது என்பதை ஏனோ சொல்வதில்லை.

அக்காட்சி நடிக்கப்பட்ட மேடைக்குப் பின்னால் மறுநாள் நடப்பதென்ன? ஏரோதின் அரண்மனைத் தூண்கள் ஒடிக்கப்படுகின்றன. கல்லறைப் பாறை நொறுங்குகிறது. யாவும் தெர்மாகோல், பின்னணியில் ஃபிளெக்ஸ். பசையும் ஆணியும் பொன்வண்ணப் பூச்சும் ஒன்றாகிவிட்டதால் எதையும் பிரித்தெடுக்க இயலாது. ஒரு பகுதி கண்மாய்க் கரைக்குப் போகிறது, மீதி கொளுத்தப்படுகிறது. தெர்மாகோல் மட்காத பாலிஸ்டைரீன், எரித்தால் கரும்புகை. ஃபிளெக்ஸோ பி.வி.சி. பூசிய துணி, அது எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சின்களும் வெளிப்படும். அந்தப் புகையை விழுங்குபவர் முந்திய இரவு கைதட்டல் பெற்ற ஏரோது அல்லர். துடைப்பத்தோடு வரும் தூய்மைப் பணியாளரே. மலிவான பொருள் என்கிறார்கள். விலையின் பெரும்பகுதியை அவருடைய நுரையீரல் செலுத்துவதால் நமக்கு மலிவு!

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தெர்மாகோல் தட்டும் குவளையும் தடை செய்யப்பட்டுள்ளன. அசன விருந்தில் அதைக் கண்டிப்பாய்க் கடைப்பிடிக்கும் பங்குகளே அதே பொருளால் எருசலேமைக் கட்டி எழுப்புவது நமக்கு விளங்கவில்லை.

“ஆண்டுதோறும் புதிதாய்ச் செய்தால்தான் மக்கள் மெச்சுவர்” என்பது அடுத்த வாதம். மக்களை இவ்வளவு குறைத்து மதிப்பிட வேண்டாம். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகக் கம்பெனிகள் அரண்மனை, தெரு, காடு என்று எழுதிய சில திரைகளைச் சுருட்டிக்கொண்டு ஊர் ஊராய்ச் சென்றன. வள்ளி தினைப்புனம் காத்த அதே காட்டில் அரிச்சந்திரனும் அலைந்தான். எவரும் கட்டணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. தெருக்கூத்தில் இருவர் பிடிக்கும் ஒரு துணியே திரை. கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிய முடியும் புஜகீர்த்தியும் வண்ணம் புதுக்கப்பட்டு மீண்டும் மீண்டும் ஆடுகளம் காண்கின்றன.

இது வெறும் பழைமை ஏக்கம் என்று ஒதுக்குவோருக்கு ஒரு செய்தி. பிரித்தானிய நாடகத் துறையினர் 2021-இல் வெளியிடத் தொடங்கிய ‘தியேட்டர் கிரீன் புக்’, மேடைப் பொருள்களில் பாதியேனும் முன்பே பயன்பட்டவையாகவும், 65 விழுக்காடு பின்னரும் பயன்படுபவையாகவும் இருப்பதையே தொடக்க நிலை இலக்காக வைக்கிறது. நுழைவுச்சீட்டு விற்றுப் பிழைப்போர் இவ்வாறு எண்ணுகின்றனர். படைப்பு முழுவதற்கும் பொறுப்பேற்கச் சொல்லும் 2015-ஆம் ஆண்டின் திருத்தந்தை மடலைக் கருத்தரங்குகளில் படித்தவர்களோ, உபயதாரர் பெயருக்காகப் புது ஃபிளெக்ஸ் அடிக்கிறோம்.

செய்ய வேண்டியது கடினமன்று. மரச்சட்டங்களை ஒரே அளவில் செய்து, ஆணிக்குப் பதில் போல்ட்டும் நட்டும் இட்டால் கழற்றி அடுக்கலாம். பருத்தித் துணியில் எழுதிய காட்சியின்மேல் வேறு காட்சி எழுதலாம். வைக்க இடமில்லை என்னும் பங்கு அண்டைப் பங்குகளோடு ஒரே அறையைப் பகிர்ந்துகொள்ளட்டும். நாடக நாள்கள் சற்று முன்பின்னாக அமைந்தால் ஒரே அரங்கம் எல்லா ஊர்களுக்கும் போய்வரும். கிறிஸ்து பிறப்பு நாடகத்துக்கும் அதுவே உதவும். அதில் வரும் பெரிய ஏரோதின் மகன்தான் பாஸ்காவில் வரும் ஏரோது அந்திப்பா. தகப்பன் டிசம்பரில் அமர்ந்த நாற்காலியில் மகன் தவக்காலத்தில் அமர்வதற்கு எந்த விவிலிய அறிஞரும் மறுப்புச் சொல்லப்போவதில்லை.