பேர்லயே மேடு இருக்கு, சார்!

திருச்சியில் வீடு மாறுவது என்றால் உறையூரிலிருந்து தில்லை நகருக்குப் போவது. ஒரு டெம்போ, இரண்டு மச்சினர்கள், மத்தியானத்துக்குப் பொட்டலம் சாப்பாடு... தீர்ந்தது விஷயம். 2024 மே மாதம் என் மனைவிக்கு நவல்பட்டு ஐ.டி. பார்க்கிலிருந்து சோழிங்கநல்லூருக்கு மாற்றல் வந்தபோது, சென்னைக்கும் அதே டெம்போ போதும் என்றுதான் நினைத்தேன்.

நான் பத்திரிகைகளுக்கு எழுதுகிறவன். எனக்கு ஆபீஸ் என்பது சாப்பாட்டு மேஜையின் வடக்கு ஓரம். ஆகவே, "நீங்க எங்க வேணா உக்காந்து எழுதலாம்ல?" என்ற ஒரே கேள்வியோடு வீடு தேடும் இலாகா முழுசாக என் தலையில் கட்டப்பட்டது.

என்ன இருந்தாலும் பி.காம். ஆச்சே! நீள நோட்டு ஒன்று வாங்கி, நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு, ஏரியாவுக்கு ஒரு பக்கம் என்று ஆரம்பித்தேன். முடிச்சூர்: இரண்டு பெட்ரூம், மொட்டை மாடி, முருங்கை மரம், வாடகை 12,000. மேடவாக்கம்: ஒன்றரை பெட்ரூம் (அந்த அரையில் பீரோ நிற்கும், அதைத் திறக்க நாம் ஹாலில் நிற்க வேண்டும்), 18,000. வேளச்சேரி: 24,000. சோழிங்கநல்லூரிலேயே விசாரித்தேன். தொகையைக் கேட்டதும் நோட்டை மூடிவிட்டேன்.

"முடிச்சூர்தான்! மாசம் ஆறாயிரம் மிச்சம். வருஷத்துக்கு எழுபத்தி ரெண்டாயிரம்" என்று மனைவியிடம் பேலன்ஸ் ஷீட்டை நீட்டினேன்.

பொறுமையாகப் படித்தாள். "எல்லாம் சரிங்க. நான் ஆபீஸ்லேருந்து வரும்போது பாப்பா முழிச்சிட்டு இருப்பாளா, தூங்கியிருப்பாளா? அது பற்றுல வருதா, வரவுல வருதா?"

பாப்பாவுக்கு நாலு வயசு. எட்டு மணிக்குக் கண் சொருகிவிடும். நோட்டில் அதற்குக் காலம் போடவில்லை நான்.

சரி, நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று சேலையூரில் மனைவியின் பெரியம்மா வீட்டில் டேரா போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை புரோக்கர் ஒருவரோடு முடிச்சூர் கிளம்பினேன். சென்னை புரோக்கர்களுக்கு என்று தனியாக ஒரு நீட்டல் அளவை உண்டு. 'கூப்பிடு தூரம்' என்றால் சீர்காழி கோவிந்தராஜன் மைக் வைத்துக் கூப்பிட்டால் கேட்கும் தூரம். 'நடந்தே போயிடலாம்' என்றால் ஆட்டோ வராது என்று அர்த்தம். 'பஸ் ஸ்டாண்ட் பக்கத்துலயே' என்றால் பஸ் ஸ்டாண்ட் எதிர்காலத்தில் வரப்போகிறது.

வீடு அருமை. கிழக்குப் பார்த்த வாசல். முருங்கையில் காய்கூடத் தொங்கியது.

"தண்ணி பிரச்னையே கிடையாது சார்" என்றார் புரோக்கர்.

அவர் போனில் பேச ஒதுங்கிய நேரத்தில், எதிரே வேப்ப மரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருந்த பெரியவரிடம் போனேன்.

"ஐயா, தண்ணி எப்படி இங்க?"

அவர் கரிப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "புரோக்கரு சொன்னது நெசந்தான் சார். தண்ணிக்குப் பஞ்சமே இல்ல. 2015-ல அதோ, அந்த ஜன்னலுக்கு மேல நின்னுச்சு. என் வண்டிய கயிறு கட்டி மாடியில ஏத்துனாங்க."

அப்புறம்தான் பார்த்தேன். காம்பவுண்டுச் சுவரில் ஐந்தடி வரைக்கும் ஒரு மஞ்சள், அதற்கு மேலே வேறு மஞ்சள். ஈ.பி. மீட்டர் பெட்டி மட்டும் ஒட்டகச்சிவிங்கிக்கு வைத்த மாதிரி உயரத்தில் இருந்தது. சுவர் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நான்தான் முருங்கைக்காயைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்!

2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் சுமார் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஊர் ஏரிகள் நிரம்பி வழிந்து, அடையாறு கரை தாண்டியபோது, முடிச்சூரும் பக்கத்தில் வரதராஜபுரமும் ஆற்றுக்குள்ளேயே போய்விட்டன. டி.வி.யில் படகு பார்த்தோமே, அதேதான். (முடிச்சூரில் மேட்டுத் தெருக்களில் வீடு கட்டி நிம்மதியாக இருக்கும் வாசகர்கள் கோபிக்க வேண்டாம். நான் பார்த்தது உங்கள் தெரு அல்ல.)

அதற்காகச் சென்னையில் ஏரி இல்லாத இடமாகத் தேடினால் கடைசியில் திருச்சிக்குத்தான் திரும்ப வேண்டும். ரங்கநாதன் தெருவில் இடிபடுகிறோமே, அந்தத் தி.நகரே 1920-களில் மாம்பலம் ஏரியை மூடி உண்டாக்கியதுதான். முகப்பேரில் ஹவுசிங் போர்டு போட்ட மனைக்கு 'ஏரித் திட்டம்' என்றே பேர். ஒளிவு மறைவு கிடையாது.

மறுநாள் திங்கட்கிழமை மனைவி ஒரு காரியம் செய்தாள். "வீட்டை ஞாயித்துக்கிழமை பார்க்கலாம். வழியைத் திங்கட்கிழமைதான் பார்க்கணும்" என்று சொல்லி, காலை ஏழே முக்காலுக்கு அதே முடிச்சூர் தெருமுனையில் என்னைக் கொண்டு நிறுத்தினாள். ஷேர் ஆட்டோவில் தாம்பரம். ரயில் பாதையைத் தாண்டிக் கிழக்குப் பக்கம். அங்கிருந்து பஸ். கேம்ப் ரோடு, மேடவாக்கம், பெரும்பாக்கம்... சோழிங்கநல்லூர் சிக்னலில் இறங்கும்போது மணி ஒன்பது இருபத்தைந்து. ஒரு மணி நாற்பது நிமிஷம்! ஓ.எம்.ஆரில் மெட்ரோ ரயிலுக்குப் பள்ளம் தோண்டித் தகரம் அடைத்திருந்தார்கள். எங்கள் பஸ் மேடவாக்கத்தைக் கடந்தபோது மட்டும் மனைவி கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டாள். அங்கிருந்து நாற்பது நிமிஷம்.

டீ குடித்துக்கொண்டே நோட்டைத் திறந்தேன். போக ஒரு மணி, வர ஒரு மணி, ஆக தினம் இரண்டு மணி நேரம் அதிகம். மாதம் 22 வேலை நாள், 44 மணி. மிச்சமாகும் ஆறாயிரத்தை 44-ஆல் வகுத்தால் மணிக்கு 136 ரூபாய் சொச்சம்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "பாப்பாகூட இருக்கறதுக்கு ஒரு மணி நேரம் 136 ரூபாய்க்குக் கிடைக்குதுன்னா, ரெண்டா வாங்கிக்கலாங்க."

காஸ்ட் அக்கவுண்டிங்கில் நான் அந்தக் காலத்திலேயே ஜஸ்ட் பாஸ்.

ஆனால் அந்த ஆறாயிரம் நிஜ ஆறாயிரம். மாசா மாசம் ஐந்தாம் தேதி கையை விட்டுப் போவது. என்னுடைய பைக்கை விற்றோம். அவள் சீட்டு ஒன்றை நிறுத்தினாள். நான் இன்னும் இரண்டு பத்திரிகைகளுக்கு எழுத ஒப்புக்கொண்டேன். (இந்தப் பத்தி உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் மேடவாக்கம் வாடகையைத் திட்டவும்.)

மேடவாக்கத்தில் வேறு புரோக்கர். மழைக்கு எப்படி என்று கேட்டேன்.

"மேடவாக்கம் சார்! பேர்லயே மேடு இருக்கு."

"அப்ப பள்ளிக்கரணை பேர்லயே பள்ளம் இருக்கா?"

"பள்ளி சார், பள்ளி! ஸ்கூலு!" என்றார் அசராமல். நாலு வயசுக் குழந்தையின் அப்பா என்பதைக் கவனித்து வைத்திருக்கிறார்.

பேரை நம்பாமல் இஸ்திரி வண்டியைத் தேடிப் போனேன். பிறகு டீக்கடை, அப்புறம் எதிர் பிளாட் வாட்ச்மேன். மூன்று பேரிடமும் இரண்டே கேள்வி: 2015-ல் எவ்வளவு, 2023 மிக்ஜாம் புயலில் எவ்வளவு? முதல் இரண்டு வீடுகளில் மூன்று பேரும் முழங்காலைத் தொட்டுக் காட்டினார்கள். மூன்றாவது தெருவில் கணுக்காலைக் காட்டினார்கள். அதுவும் தெருவில்தான், வீட்டுக்குள் இல்லை. கேட்டிலிருந்து வாசலுக்கு மூன்று படி ஏற வேண்டியிருந்தது. சென்னையில் இது முக்கியம். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போடப் போட, ரோடு வளர்கிறது. வீடு பள்ளத்துக்குப் போகிறது. இறங்கிப் போகிற வீடு என்றால் மழையும் நம்மோடு இறங்கி வரும்.

அட்வான்ஸ் பத்து மாச வாடகை என்றார் வீட்டுக்காரர். நான் விடவில்லை. "2019-ல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி மூணு மாசத்துக்கு மேல வாங்கக் கூடாதுங்களே?" என்றேன்.

"அப்படியா? அப்ப சட்டத்துக்கிட்டயே ஒரு வீடு கேட்டுப் பாருங்க தம்பி."

வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத பட்சத்தில்தான் மூன்று மாதம் என்று சட்டத்திலேயே ஒரு சந்து உண்டு. அந்தச் சந்தில் ஒரு லாரியை ரிவர்ஸ் எடுக்கலாம். பேரம் பேசி ஆறு மாசத்தில் முடித்தோம்.

குடி வந்த முதல் நாள், காவிரித் தண்ணீரில் வளர்ந்த எங்கள் குக்கர் ஏழு விசில் அடித்தும் பருப்பு வேகவில்லை. போர் தண்ணீர். நோட்டில் புதிதாக ஒரு வரி: சமையலுக்குக் கேன், ஒன்று 40 ரூபாய்.

2024 அக்டோபர் 15-ம் தேதி வாக்கில் பெருமழை வரும் என்று எச்சரிக்கை வந்தது. வேளச்சேரிக்காரர்கள் காரையெல்லாம் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்தினார்கள். பேப்பரில் படம் வந்ததே! நாங்கள் விற்றுவிட்ட பைக்கை நினைத்து நிம்மதியாக இருந்தோம். ஐ.டி. கம்பெனிகள் ஆட்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்ல வேண்டும் என்று அரசு கேட்டுக்கொண்டதில், என் மனைவி சாப்பாட்டு மேஜையின் வடக்கு ஓரத்தைக் கைப்பற்றினாள். நான் பீரோ அறைக்குத் துரத்தப்பட்டேன். தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்று, இரண்டாம் நாள் வடிந்தது. இஸ்திரிக்காரர் சொன்ன அளவு அரை அங்குலம்கூடப் பிசகவில்லை.

போன வாரம் ஒரு சாயங்காலம், மணி ஆறே முக்கால். பாப்பாவும் நானும் கேட்டருகே நின்றுகொண்டிருந்தோம், அவள் அம்மா வரும் நேரம். பக்கத்து வீட்டு 'டு லெட்' போர்டைப் பார்த்து ஒரு இளம் தம்பதி, கையில் குழந்தை, கூடவே நம்ம புரோக்கர்.

"பேர்லயே மேடு இருக்கும்மா" என்று ஆரம்பித்திருந்தார் அவர்.

அந்தப் பெண் நேராக என்னிடம் வந்து, "அண்ணா, மழைக்கு இங்க எப்படி?" என்றாள்.

புரோக்கர் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து எனக்குக் கண் காட்டினார். நான் குனிந்து கணுக்காலைத் தொட்டுக் காட்டினேன்.

"இது 2024. அதுக்கு முன்னாடி எனக்குத் தெரியாதும்மா. அதோ முனையில இஸ்திரி வண்டி இருக்கு பாருங்க, அவர்கிட்ட கேளுங்க. ஆமா, எங்க வேலை உங்களுக்கு?"

"சிறுசேரிண்ணா."

"அப்ப திங்கட்கிழமை காலைல எட்டு மணிக்கு ஒரு தடவை வந்து, இங்கேருந்து போய்ப் பார்த்துட்டு அட்வான்ஸ் குடுங்க."

புரோக்கர் இப்போதெல்லாம் என்னைப் பார்த்தால் அடுத்த தெரு வழியாகப் போகிறார். அது கொஞ்சம் பள்ளமான தெரு.