வில்லங்கச் சான்று மட்டும் போதுமா?

"இ.சி. போட்டுப் பார்த்துட்டோம், வில்லங்கமே இல்லை. நாளைக்கே அட்வான்ஸ் கொடுத்துடலாமா?" வீடு வாங்க வருபவர்கள் தரகரான என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

பொறுங்கள். வில்லங்கச் சான்றில் பதிவான விவரங்கள் மட்டுமே வரும். பதிவு செய்யாத உயில் அதில் தெரியாது. ஆனாலும் அந்த உயில் செல்லும். அசல் பத்திரத்தைத் தனியாரிடம் அடகு வைத்து வாங்கிய கடனும், பதிவாகாவிட்டால் தெரியாது.

அதனால் அசல் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். வங்கியில் இருக்கிறது என்றால், விற்பவரோடு அங்கேயே போய்க் கேளுங்கள். அப்பா வழிச் சொத்தா? மகள்கள் உட்பட எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போடுகிறார்களா என்று கவனியுங்கள்.

"இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க" என்று யார் அவசரப்படுத்தினாலும் அசையாதீர்கள். பத்திரம் முடிந்ததும் எங்களுக்குக் கமிஷன் வந்துவிடும். நீங்கள்தான் 20 வருஷம் தவணை கட்ட வேண்டும்!