ஊருக்கும் சேரிக்கும் ஒரே ஜாதகமா?

சித்திரை பிறந்தால் சிங்கப்பெருமாள் கோயில் டீக்கடைகளிலும் பஞ்சாங்கப் பேச்சுதான். இந்த ஆண்டு ராஜா யார், மந்திரி யார், ஆட்சி நிலைக்குமா? அந்தப் பதவிகளைக் கிழமைக் கணக்கில் கிரகங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது பஞ்சாங்கம்.

நாட்டுக்கும் ஜாதகம் உண்டாம். 1947 ஆகஸ்ட் 15 நள்ளிரவைப் பிறந்த நேரமாக வைத்து, இந்தியாவுக்கு ரிஷப லக்னம், பூச நட்சத்திரம் என்கிறார்கள். அப்படியானால் ஊருக்கும் சேரிக்கும் ஒரே ஜாதகம்தானே? பலன் மட்டும் ஏன் இரண்டாக இருக்கிறது?

மதுரை மாவட்டம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் ஊராட்சித் தலைவர் பதவி 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. பத்து ஆண்டுகள் அங்கே ஒரு தலித் தலைவர் நாற்காலியில் நிலைக்க முடியவில்லை. மேலவளவில் வென்ற முருகேசன் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார். இதைச் சனியின் தலையில் கட்ட முடியுமா? செய்தது சாதி. 2006இல் அந்த மூன்று ஊர்களிலும் தேர்தல் நடந்ததற்குக் காரணம் விடாத போராட்டமும் நிர்வாகத்தின் உறுதியும்.

இலங்கையில் மகிந்த ராஜபக்ச சோதிடர் பேச்சை நம்பி, ஈராண்டு முன்கூட்டியே தேர்தல் வைத்தார்; 2015 ஜனவரி 8இல் தோற்றார். நட்சத்திரம் சொன்னதை வாக்குச்சீட்டு மாற்றி எழுதியது.

மாணவத் தம்பி தங்கைகளே, வேட்புமனுவுக்கு ராகுகாலம் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். நீங்கள் வாக்காளர் பட்டியலைப் பாருங்கள். கிராம சபைக்குப் போய், தலித் தலைவருக்கு நாற்காலி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அங்கேயே எழுந்து நின்று கேளுங்கள்.