கைகள் பேசுகின்றன, கல்லூரி கேட்குமா?

தோழா!

மதுரை வழக்குரைத்த ஊர். பாண்டியன் அவையிலே ஒரு பெண் நிமிர்ந்து நின்று நீதி கேட்டாள் என்பதை மேடைதோறும் சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். நானும் சொல்லியிருக்கிறேன், கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். அந்தக் காட்சியை நாடகமாக எழுத உட்கார்ந்த இரவில்தான் ஒன்று விளங்கிற்று. கண்ணகி எத்தனை பேசினாலும், அரியணையை அசைத்தது அவள் கையால் உடைத்த சிலம்பு. வாய் வழக்கைத் தொடுத்தது. கை அதனை மெய்ப்பித்தது.

அதே மதுரையிலே, கையால் வழக்குரைக்கும் ஒருவன் இன்று வந்து நின்றால் என்ன செய்வோம்? வாயிற்காவலன் சிரிப்பான். அவையோர் இரக்கப்படுவர். 'ஐயோ பாவம், ஊமை' என்று ஒரு சொல்லை வீசிவிட்டு அடுத்த வழக்குக்குப் போவோம்.

நான் படிப்பை முடிக்காதவன் என்பது நீ அறிந்ததே. இந்த நகரிலே ஒரு கல்லூரியில் சேர்ந்தேன், இரண்டாம் ஆண்டிலே வெளியேறினேன். நாடகப் பித்து. அதற்காக நான் வருந்தியதில்லை. ஆனால் எனக்கு முன்பே ஒருவன் வெளியேறினான். காது கேளாதவன், மேலூர்ப் பக்கத்துச் சிற்றூரான், குடும்பத்திலே முதன்முதலாகக் கல்லூரிப் படி மிதித்தவன். முதல் வரிசையில் உட்காருவான், ஆசிரியரின் உதடுகளைப் படிப்பதற்காக. ஆசிரியரோ கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்துவார். முதுகைப் படிக்க எந்தப் பிள்ளையால் முடியும்? ஆறு மாதம் பொறுத்துப் பார்த்தான். ஒருநாள் வரவில்லை, பிறகு வரவேயில்லை. பெயர் நீக்கப்பட்டது என்று பதிவேடு சொல்லிற்று. நான் விலகினேன், அவன் விலக்கப்பட்டான். இரண்டையும் ஒரே கணக்கிலே 'இடைநின்றோர்' என்று எழுதினார்கள்.

ஆண்டுகள் சென்று, மேலூர் அருகே எங்கள் நாடகம் நடந்தது. முடிந்ததும் ஒருவன் மேடைக்குப் பின்னால் வந்தான். அவனேதான். நெல் அரவை ஆலையிலே மூட்டை சுமக்கிறான் என்று உடன் வந்தவர் சொன்னார். அவன் என் கையைப் பற்றினான். பிறகு விட்டுவிட்டு, சற்றுமுன் நடந்த நாடகத்தின் மூன்றாம் காட்சியை, பண்ணையார் நடையையும் அடியாள் பார்வையையும் கடனாளியின் கூனலையும், எனக்கே நடித்துக் காட்டினான். என் நடிகர்கள் வாயடைத்து நின்றார்கள். ஒரு வசனமும் அவன் கேட்டதில்லை. கதை முழுவதும் அவனுக்குப் புரிந்திருந்தது. அவன் எனக்குச் சொல்ல வந்தது மட்டும் எனக்குப் புரியவில்லை. அவன் மொழி எனக்குத் தெரியாது. அன்று அந்த இடத்திலே ஊமை யார், செவிடர் யார்? நீயே சொல்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

2022 மார்ச் 1 அன்று தமிழ்நாட்டிலே 'நான் முதல்வன்' திட்டம் தொடங்கப்பட்டது. கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கணினி நிரல் எழுதக் கற்பிப்பது, ஆங்கிலத்திலே தயங்காமல் பேசப் பழக்குவது, நேர்காணலுக்கு ஆயத்தம் செய்வது - நல்ல நோக்கம். 'கல்லூரி என்ன கடைத்தெருவா, வேலைக்கு ஆள் தயாரிக்கும் பட்டறையா' என்று மூக்கைச் சுளிக்கும் மேதைகள் சிலர் உண்டு. பாட்டன் சொத்திலே பட்டம் வாங்கியவர்களுக்கு அந்தச் சுளிப்பு அழகு. உசிலம்பட்டியிலிருந்து பேருந்து ஏறி வரும் பெண்ணுக்குப் பட்டம் என்பது அடுப்பெரிக்கும் விறகு. இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் எழுந்தது, அவள் வேலியோரம் நின்று வேடிக்கை பார்ப்பதற்கா? நிரல் கற்கட்டும். நேர்காணலுக்குப் பழகட்டும். அதிலே எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

என் வழக்கு வேறு. அத்தகைய பணிவாய்ப்பு வகுப்பு ஒன்றிலே, ஒரு கல்லூரி விழாவுக்குப் பேசப் போன இடத்தில், பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். 'தொடர்புத்திறன்' என்று பலகையில் எழுதினார் பயிற்றுநர். கண்ணைப் பார்த்துப் பேசு, குரலை உயர்த்து, தெளிவாக உச்சரி என்றார். தொடர்பு என்றால் தொண்டைதான் என்று முடிவுகட்டிவிட்டார்கள்! காது கேளாத பிள்ளை அந்த வகுப்பில் இருந்தால், முதல் நாளே அவன் தோற்றவன். நிரல் எழுதக் காது வேண்டுமா, தோழா? கணினியோடு பேசுவது விரல்கள். விடை வருவது திரையிலே. உலகத் தொழில்களுள் காது கேளாதவனுக்குத் தடை குறைந்தது இது. ஆனால் அந்தத் தொழிலைக் கற்பிக்கும் வகுப்பிலும், அதற்கு ஆள் எடுக்கும் நேர்காணலிலும் காதை வைத்துக் கதவை அடைக்கிறோம்.

முடியாத காரியமா? சென்னை மாநிலக் கல்லூரியிலே செவித்திறன் குன்றிய மாணவர்க்கெனவே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் பல்லாண்டுகளாக நடக்கின்றன. கணினிப் பட்டம் காது கேளாதவனுக்கு எட்டும் என்பதற்கு அதைவிடச் சான்று எதற்கு? ஆனால் மேலூர்ப் பிள்ளைக்குச் சென்னை 450 கிலோமீட்டர். பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறத் துணிந்தவன் பிழைப்பான். துணியாதவன் மூட்டை சுமப்பான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசின் உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களிலே அவர்களுக்கு 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடம் என்கிறது. இடம் கிடைக்கிறது, பாடம் கிடைக்கிறதா? நாற்காலியைப் போட்டு உட்காரவைத்து, பந்தியிலே இலை போடாமல் விடுவதற்கு விருந்தென்று பெயரா?

'சைகைதானே! அதற்கு ஒரு பாடத்திட்டமா? பசித்தால் வயிற்றைத் தொட்டுக்காட்டுவது குழந்தைக்கும் தெரியுமே' என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். நம் தமிழைப் பார்த்தும் ஒரு காலத்திலே 'இது நீச பாஷை' என்றவர்கள் இருந்தார்கள். ஒரு மொழியை மொழியல்ல என்பது, அந்த மொழியாரை மனிதரல்லர் என்பதற்கு முதற்படி. 1880லே இத்தாலி நாட்டு மிலான் நகரிலே காதுகேளாதோர் கல்விக்கென ஒரு மாநாடு கூடிற்று. கூடியவர்கள் ஏறத்தாழ எல்லோரும் காது கேட்பவர்கள்! வகுப்பறையில் சைகை கூடாது, வாய்ப்பேச்சு ஒன்றே முறை என்று தீர்மானம் போட்டார்கள். அதன் விளைவாக எத்தனையோ நாடுகளிலே சைகை செய்த பிள்ளைகளின் கைகளைக் கட்டினார்கள், அடித்தார்கள். அந்த மாநாட்டுக்கு மறு ஆண்டு, 1881லே தோன்றியது நம் மதுரை அமெரிக்கன் கல்லூரி. அக்கல்லூரியின் வயதை எண்ணிப்பார், அந்த அநீதியின் வயது தெரியும். 2010லே வான்கூவர் நகரிலே கூடிய அதே மாநாட்டு வரிசைதான் அந்தத் தீர்மானங்களைத் தள்ளுபடி செய்து வருத்தம் தெரிவித்தது. 130 ஆண்டு! மூன்று தலைமுறையின் கைகளைக் கட்டிப்போட்டுவிட்டு ஒரு வருத்தம்.

1960லே வில்லியம் ஸ்டோகி என்னும் அமெரிக்க ஆசிரியர், காதுகேளாதோர் சைகைக்கு உறுப்புண்டு, அமைப்புண்டு, அது முழுமையான மொழி என்று ஆய்ந்து எழுதினார். இந்தியச் சைகை மொழிக்கும் இலக்கணம் உண்டு. 'ஏன்', 'எங்கே' என்னும் வினா கடைசியில் நிற்கும். மறுப்பு, தமிழிலே 'வரவில்லை' என்பது போல, வினைக்குப் பின்னே வரும். மெய்ப்பாட்டுக்கு ஓர் இயலே வகுத்தவன் தொல்காப்பியன். அவன் வழி வந்தவர்கள் நாம். முகமும் கையும் பேசும் என்பதை நமக்கு அமெரிக்கர் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

வடக்கே என்ன செய்தார்கள்? 2015லே புதுதில்லியில் இந்தியச் சைகை மொழிக்கு ஆய்வு, பயிற்சி மையம் கண்டார்கள். 2021லே 10,000 சொல் கொண்ட அகராதி தந்தார்கள். அதே ஆண்டிலே பள்ளியில் சைகை மொழியை ஒரு மொழிப்பாடமாகவும் அறிவித்தார்கள். நல்லதை நல்லதென்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. ஆனால் 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையைப் படித்துப் பார். நாடெங்கும் ஒரே தரப்பட்ட சைகை மொழியாம். வட்டாரச் சைகைகளுக்கு இயன்ற இடத்தில், பொருத்தமான இடத்தில் இடமாம். இந்த ராகம் நமக்குப் புதிதா? 1965 ஜனவரி 25 அன்று மதுரை வீதிகளிலே ஊர்வலம் போன மாணவர்கள் கேட்ட அதே ராகம்தான். பக்கவாத்தியம் மட்டும் வேறு. பொது அகராதி வேண்டும், மறுக்கவில்லை. பாளையங்கோட்டையிலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே காதுகேளாதோர்க்குப் பள்ளி கண்ட மண் இது. இங்கே தலைமுறை தலைமுறையாகக் கைகளில் பழகிவந்த சைகைகள், தில்லி அகராதியிலே இல்லையென்பதால் பிழையாகிவிடக் கூடாது.

இன்னொரு கேள்வி: 'எத்தனை பேர் இருப்பார்கள்?' 2011 கணக்கெடுப்பிலே இந்தியாவில் செவித்திறன் குன்றியோர் 50 லட்சத்துக்கு மேல். சிலருக்கு அது போதவில்லை. சரி, ஒருவனே இருக்கட்டும். அவன் பேசினால் கேட்க ஆள் வேண்டாமா? அதனால்தான் சொல்கிறேன்: சைகை மொழியைக் காது கேளாதவன் மட்டும் கற்றுப் பயனில்லை. காது கேட்கும் பிள்ளைகள் கற்க வேண்டும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள ஒவ்வொரு கல்லூரியிலும் நிரல் பாடம் இருக்கும் அட்டவணையிலேயே, மதிப்பெண்ணோடு, விருப்பப் பாடமாகச் சைகை மொழி இருக்கவேண்டும். ஆசிரியராகக் காது கேளாதவரையே அமர்த்தவேண்டும். அது அவர்களின் தாய்மொழி. படித்த பிள்ளைகளில் பத்தில் ஒருத்தி இரண்டாண்டுப் பட்டயம் முடித்து மொழிபெயர்ப்பாளர் ஆவாள். மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் காவல் நிலையத்துக்கும் அவள் தேவை. வேலைக்கு ஆயத்தம் செய்கிறோம் என்கிறவர்களே, இதுவும் வேலைதான்! மற்ற ஒன்பது பேர் அலுவலகத்திலே பக்கத்து மேசைக்காரனுக்கு வணக்கம் சொல்லும் அளவுக்காவது கற்றிருப்பார்கள்.

'செயலி வருகிறது, பொறியே மொழிபெயர்த்துவிடும்' என்கிறான் இளைஞன் ஒருவன். வரட்டும். தமிழுக்குக்கூடப் பொறி வந்திருக்கிறது. அதற்காகத் தமிழாசிரியரை வீட்டுக்கு அனுப்பிவிட்டோமா?

ஊரைப் பேசியது போதும்; நம்மைப் பேசுவோம். நாவினால் வளர்ந்தது நம் இயக்கம். ஒலிபெருக்கி கட்டாத தெருவில் நம் கொடி பறந்ததில்லை. அந்த ஒலிபெருக்கியின் கீழே நின்று, நம் உதடுகளையே உற்றுப் பார்த்து, பாதியைப் பிடித்து மீதியை விட்டு, ஆனாலும் கொடி பிடித்தவர்கள் எத்தனை பேர்? நாம் எண்ணியதில்லை. நானும் எண்ணியதில்லை.

அடுத்த பொதுக்கூட்டத்துக்குப் பந்தல்காரரிடம் முன்பணம் கொடுக்கும்போது ஒன்று சொல்லிவை, தோழா. மேடையின் வலப்பக்கம், விளக்கு நன்றாக விழும் இடத்தில், மாலைகளும் பதாகைகளும் மறைக்காமல், நான்கடி இடம் விடச்சொல். அங்கே சைகை மொழிபெயர்ப்பாளர் நிற்பார். மேலூருக்கு நான் சொல்லி அனுப்பியிருக்கிறேன். முதல் வரிசையில் அவனுக்கு ஒரு நாற்காலி.